ஒரு பல் தள்ளி

“பெல்ட் மாத்தாம அந்த வண்டியை நான் வெளியூருக்கு விடமாட்டேன்.”

போன வாரம் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்தபோது ஃபோர்மேன் சொன்ன சொல் அது. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன், தன் கணவன் ஓட்டிய காரையும் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று மருமகள் கேட்டதற்கு அவர் தந்த பதில். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பெல்ட் என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கு யாரிடம் என்ன பேச வேண்டியிருந்தாலும் பெல்ட்டைப் பற்றித்தான் பேசினார்கள். பெல்ட் கிடைத்ததா, எந்தக் கடையில், அசலா போலியா, என்றைக்கு மாட்டுவது. போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்விட்ட மகனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் போன பிறகும் அவன் மனைவி இந்த வீட்டிலேயே இருந்ததைப் பற்றியும், இனி இருக்கப்போவதில்லை என்பதைப் பற்றியும்கூடத்தான்.

நாளைக் காலை கிளம்புகிறாள். ஆகவே இன்றைக்குள் பெல்ட் ஏறியாக வேண்டும்.

குளியலறையில் மருமகள் தண்ணீரைத் திறந்துவிடும் சத்தம் கேட்கும்வரை ஃபோர்மேனின் மனைவி தையல்காரம்மா அடுப்படியிலேயே நின்றாள். பிறகு காபியைக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்தாள்.

“ஏங்க.”

“ம்.”

“அந்த பெல்ட்டுல பல்லு பல்லா இருக்கே, அது என்னத்துக்கு?”

ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார். பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே இன்னும் அவர் ஃபோர்மேன்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவள் ஒரு நட்டைப் பற்றிக்கூட அவரிடம் கேட்டதில்லை.

“கீழ ஒரு சக்கரம் இருக்கு. அது பிஸ்டனை ஏத்தி இறக்கும். மேல ஒரு சக்கரம். அது வால்வைத் திறந்து மூடும். பிஸ்டன் மேல வர்றப்போ வால்வு மூடியிருக்கணும். ரெண்டும் சொல்லிவெச்ச மாதிரி நடக்கணும். சொல்லிவைக்கிற வேலை அந்த பெல்ட்டுக்கு. நழுவக் கூடாதுன்னுதான் பல்லு.”

“நழுவிட்டா?”

“பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க. இதுல பல்லுப் போனா என்ஜினே போச்சு. உள்ளுக்குள்ள முட்டிக்கிட்டு எல்லாம் வளைஞ்சிடும்.”

“ஒரே ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டா?”

“ஒரு பல்லுன்னா முட்டாது. ஆனா வண்டி வண்டியா இருக்காது. இருமும், திணறும், மேடு ஏறாது. எங்க பஸ்ஸுல இந்த ரப்பர் சமாசாரமே கிடையாது, எல்லாம் இரும்புப் பல்சக்கரம். அன்னிக்கே உன் பிள்ளைகிட்ட சொன்னேன்…”

அதோடு நிறுத்திக்கொண்டார்.

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். “அப்போ ஒரு பல்லு தள்ளியே மாட்டிடுங்க.”

அவர் காபியை ஒரு வாய் குடித்தார்.

“திணறட்டுமே. திணறுற வண்டியை நம்பி எந்தப் பொண்ணு மலை தாண்டிப் போகும்? ஒரு வாரம் தள்ளிப் போகும். ஒரு வாரம் ஒரு மாசமாகும். அங்க வேற ஆளைப் போட்டுருவாங்க. அதுக்கப்புறம் அவளே சும்மா இருந்துடுவா.”

“சர்க்கரை கம்மி.”

“நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?”

“நீ சொன்னது காதுல விழுந்துது. அதனாலதான் சர்க்கரை கம்மின்னேன்.”

குளியலறையில் தண்ணீர் நின்றது. பேச்சும் நின்றது.

*

மருமகள் எக்ஸ்ரே எடுப்பவள். நிழலைப் பார்த்து எலும்பைச் சொல்கிற வேலை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் இன்று அவளுக்குக் கடைசி நாள்.

“அலமாரிச் சாவியைக் குடுத்துட்டு மத்தியானமே வந்துடறேன் மாமா. பெல்ட்டை மாட்டினப்புறம் கோடு நேரா இருக்கான்னு பார்க்கிற வேலையை மட்டும் எனக்கு வெச்சிருங்க.”

“ஏன், நான் என்ன குருடனா?”

“கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் குடுத்ததே நான்தான் மாமா.”

“அந்தத் தேதிக்கு நீ இருக்கமாட்டே. அதைச் சொல்லு.”

விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு எங்கேயோ போய் முட்டிக்கொண்டது. மருமகள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கார் கொட்டகை வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. ஒரு வருஷமாக வாரத்துக்கு ஒரு தரம் ஃபோர்மேன் வெளியே நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருகுவார், என்ஜின் கொஞ்ச நேரம் ஓடும், அணைத்துவிடுவார். உள்ளே யாரும் உட்காரவில்லை. வண்டியும் கேட்டைத் தாண்டவில்லை.

முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் படுக்கப் போட்டார். என்ஜினுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர். கேட்காமலே யோசனை சொல்வதால் தெருவில் அவருக்கு ‘ஆலோசனை’ என்று பெயர்.

“வொர்க்‌ஷாப்ல விட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துடுவான் ஃபோர்மேன்.”

“முடிச்சுடுவான். அதான் பயம்.”

“இந்த வயசுல குனிஞ்சு நிமிர்ந்து எதுக்கு? நான் சொல்றதைக் கேளுங்க…”

“கேக்கறேன். அந்தப் பெரிய பைப்பை எடுத்து இங்க நீட்டிக்கிட்டே சொல்லுங்க.”

பைப் வந்தது. தலை மறைந்தது.

கீழ்ச் சக்கரத்தின் நடு போல்ட் அசையவில்லை. ஸ்பானரில் பைப்பைச் செருகி அழுத்தினால் என்ஜினே சேர்ந்து சுற்றியது. ஃபோர்மேன் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“இங்க வா. உள்ள ஏறி உட்காரு. கியர் போட்டிருக்கேன். பிரேக்கை நல்லா மிதி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே.”

“நானா?”

“வேற யாரு இருக்கா?”

தையல்காரம்மா கதவைத் திறந்தாள். இருக்கை எங்கோ பின்னால் கிடந்தது. மகன் நெட்டை. நெட்டையன் என்றுதான் அவளே கூப்பிடுவாள். கால் நீட்ட இடம் போதவில்லை என்று இருக்கையைக் கடைசிவரை தள்ளி வைத்திருந்தான். அவள் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பிரேக் அவள் காலுக்குத் தொலைதூரத்தில் இருந்தது.

“மிதிச்சியா?”

“எட்டல.”

“சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கினா முன்னால வரும்.”

குனிந்து தடவினாள். கம்பி கையில் பட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

“வேண்டாம்.”

“வேண்டாம்னா எப்படி மிதிப்பே?”

“எட்டும். நீங்க வேலையைப் பாருங்க.”

விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பெருவிரலால் எட்டி மிதித்தாள். தையல் மிஷினை மிதித்து உரமேறிய கால் அது. இருந்தும் தொடை நடுங்கியது. வெளியே ஃபோர்மேன் பைப்பின் மேல் சாய்ந்து அழுத்தினார். சட்டென்று எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

“ஐயோ, என்ன உடைஞ்சுது?”

“உடையல. கழண்டுது. இறங்கு.”

அவள் உடனே இறங்கவில்லை. அவரும் மறுபடி கூப்பிடவில்லை.

*

மூடியை எடுத்ததும் பெல்ட் தெரிந்தது. கறுப்பு, ஓரமெல்லாம் வெடிப்பு.

“நல்ல வேளை,” என்றார் ஃபோர்மேன். “இதோட போயிருந்தா பாதி வழியில அறுந்திருக்கும். உன் சாக்குக்கட்டி ஒண்ணு கொண்டா.”

தையல் மேசையிலிருந்து வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்து வந்தாள். கீழ்ச் சக்கரத்தைத் திருப்பி, சக்கரங்களில் வெட்டியிருந்த கோடுகளை என்ஜினில் இருந்த கோடுகளோடு அவர் சேர்த்து நிறுத்தினார். அந்த இடங்களில் பெல்ட்டின் மேலும் கோடு போடச் சொன்னார். போட்டாள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தளர்த்தியதும் பெல்ட் கழன்று கையோடு வந்தது.

“இப்போ பழசையும் புதுசையும் பல்லோட பல்லு பொருத்தி வெச்சுக்கோ. பழசுல இருக்கிற கோட்டைப் புதுசுல போடு. எண்ணிப் போடு. எனக்கு எல்லாம் பஞ்சு பஞ்சாத் தெரியுது.”

மேசையில் இரண்டையும் விரித்தாள். துணிக்கு மேல் துணி வைத்து அளவு எடுப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. முதல் கோட்டைப் போட்டாள்.

கொட்டகையிலிருந்து அவர் குரல் வந்தது. “அவ போனப்புறம் அந்த ரூமை என்ன பண்றது?”

“என்ன பண்றதுன்னா?”

“பூட்டி வெச்சா பூஞ்சை பிடிக்கும்.”

“திறந்து வெச்சா நான் போய் உட்கார்ந்துக்குவேன். பூட்டியே வைங்க.”

இரண்டாவது கோட்டையும் போட்டு எடுத்துப் போனாள்.

கோட்டுக்குக் கோடு சேர்த்துப் புதுப் பெல்ட்டை அவர் ஏற்றினார். கடைசியில் கொஞ்சம் முரண்டியது. மேல் சக்கரத்தை ஒரு மயிரிழை நகர்த்தி உட்கார வைத்தார். புதுசு அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டென்ஷனரை இறுக்கிவிட்டு, ஸ்பானரால் கீழ்ச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“முட்டல. முட்டினா கையிலேயே தெரிஞ்சிடும். கோடு ரெண்டும் நேரா வந்திருக்கா, டார்ச் அடிச்சுப் பாரு.”

பார்த்தாள்.

கீழே நேராக இருந்தது. மேலே இல்லை. சக்கரத்தின் கோடு, என்ஜினின் கோட்டைத் தாண்டி ஒரு பல் தள்ளி நின்றது. நூல் பிசகினாலே கண்ணில் உறுத்துகிறவளுக்கு ஒரு பல் மலையாகத் தெரிந்தது.

எங்கே தவறியது என்பதும் உடனே புரிந்துவிட்டது. பிடிப்பு. அளவுக்கோடு போட்டால் அதற்கு வெளியே கொஞ்சம் தள்ளி வெட்டுக்கோடு போடுவாள். நாளைக்கு உடம்பு பருத்தால் பிரித்து விட்டுக்கொள்ள இடம் வேண்டாமா? அந்தக் கை, பேச்சு வாக்கில், பெல்ட்டுக்கும் பிடிப்பு விட்டிருக்கிறது.

அட, என்று சிரிப்பு வரப்பார்த்தது. சொல்ல வாயைத் திறந்தாள்.

“என்ன, நேரா இருக்கா?”

“நேரா இருக்கு.”

சொன்னது தானா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் குரல் அவளுடையதுதான்.

“நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

ஃபோர்மேன் தலையாட்டிவிட்டு மூடியை எடுத்தார்.

*

மருமகள் வந்தபோது மேல் மூடியில் இரண்டு போல்ட் ஏறியிருந்தது. கையில் ஒரு பை. பையில் கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த ஏதோ ஒரு பரிசு. கண் சிவந்திருந்தது.

“மூடிட்டீங்களா மாமா?”

“பார்த்தாச்சு.”

“நானும் ஒரு தடவை பார்த்துடறேனே. எங்க ஆஸ்பத்திரியில ஒரு படத்தை ரெண்டு பேர் பார்க்காம அனுப்பமாட்டாங்க.”

“முதல்ல சாப்பிடு வா,” என்றாள் தையல்காரம்மா. “வெயில்ல வந்திருக்கே. எல்லாம் ஆறிப்போச்சு.”

“ஆறினது இன்னும் எவ்வளவு ஆறப்போகுது அத்தை? ஒரு நிமிஷம்.”

மூடி மறுபடி கழன்றது. மருமகள் டார்ச்சை வாங்கிக் குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போதும் அவள் முகம் இப்படித்தான் ஆகும்.

“மாமா. மேல ஒரு பல்லு தள்ளியிருக்கு.”

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை ஓரத்தில் துடைத்தார். மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.

“என் கண்ணு,” என்றார். “நான்தான் பார்த்தேன். தப்பாப் பார்த்துட்டேன். வயசாச்சும்மா.”

ஒரு போல்ட் மரையின் அளவுக்காக மேலதிகாரியோடு ஒரு மாசம் பேசாமல் இருந்த மனுஷர் இவர். தன் தொழிலில் தப்பு என்று இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இப்போது யாரோ கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொள்வது மாதிரி அதை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“அவர் பார்க்கல,” என்றாள். “நான்தான் பார்த்தேன்.”

“நீ சும்மா இரு.”

“எப்படிங்க சும்மா இருக்கறது? கோடு போட்டது நான். தள்ளியிருக்குன்னு தெரிஞ்சும் நேரா இருக்குன்னு சொன்னதும் நான்.”

மருமகள் டார்ச்சை அணைத்தாள்.

“கோடு போடறப்பவே தெரியுமா அத்தை?”

“தெரியாது. சத்தியமா அது கைப்பழக்கம். துணின்னு நினைச்சுப் பிடிப்பு விட்டுட்டேன். டார்ச் அடிச்சப்போதான் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சப்போ சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லல?”

“நீ போகக் கூடாதுன்னுதான்.”

மருமகள் கத்துவாள், அழுவாள், இல்லை கையைப் பிடித்துக்கொள்வாள் என்று தையல்காரம்மா எதிர்பார்த்தாள். அவளோ, எங்கே வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“மலை மேல பாதியில திணறி நின்னுருந்தா? வளைவுல பின்னால லாரி வந்திருந்தா?”

தையல்காரம்மா சுவரோரம் கிடந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தாள். அவள் நினைப்பில் அந்த வண்டி ஒவ்வொரு தடவையும் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. மருமகள் இறங்கி, சலித்துக்கொண்டு, பெட்டியை உள்ளே கொண்டுவந்தாள். அதற்கு அந்தப் பக்கம் சாலை இருந்தது, மலை இருந்தது, லாரிகள் இருந்தன. அதையெல்லாம் அவள் நினைக்கவே இல்லை.

“நான் கேட் வரைக்கும்தான் நினைச்சேன் கண்ணு.”

ஒருவனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இன்னொருத்தியைத் தன் வாயாலேயே… நினைப்பை அங்கேயே மடக்கினாள்.

மருமகள் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“மாமா, பெல்ட்டைக் கழற்றுங்க. அத்தை, சாக்குக்கட்டி எங்க?”

“நான் தொடமாட்டேன்மா. நீயே போடு.”

“நீங்கதான் போடணும். நீங்க எண்ணுங்க, கூடவே நானும் எண்ணறேன்.”

“எதுக்கு இந்தத் தண்டனை?”

“தண்டனை இல்ல அத்தை. எனக்கு இதுல கை பழகல. உங்க கோடு மாதிரி மெலிசா எனக்கு வராது.”

பழைய பெல்ட்டும் புதுப் பெல்ட்டும் மறுபடி மேசைக்கு வந்தன. இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து வாய்விட்டு எண்ணினார்கள். நடுவில் தையல்காரம்மாவின் எண்ணிக்கை பின்தங்கியது. மருமகள் எண்ணுவதை நிறுத்தவில்லை, கொஞ்சம் மெதுவாக்கினாள். அத்தை வந்து சேர்ந்துகொண்டதும் பழைய வேகத்துக்குப் போனாள்.

“இங்கதான். இதுல பிடிப்பு விடக் கூடாது அத்தை.”

“விடலம்மா,” என்று சொல்லிக் கோட்டைப் போட்டாள். மெலிசாக, சரியாக, பல்லின் நடு முதுகில்.

*

மறுபடி ஏற்றி, மறுபடி கையால் சுற்றி, மறுபடி பார்த்தார்கள். இந்தத் தடவை மூன்று பேரும் பார்த்தார்கள். பஞ்சு பஞ்சாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே ஃபோர்மேனும் குனிந்தார். கோடுகள் நேராக நின்றன.

நடு போல்ட்டை முடுக்க மறுபடி யாராவது பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. மருமகள் ஏறி உட்கார்ந்தாள். அவள் காலும் எட்டவில்லை. குனிந்து கம்பியைத் தொட்டவள், திறந்த கதவு வழியாக நிமிர்ந்து பார்த்தாள்.

“தள்ளிக்கட்டுமா அத்தை?”

தையல்காரம்மா அந்த இருக்கையைப் பார்த்தாள். அதற்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கிடந்த அந்த நீள இடத்தைப் பார்த்தாள். ஒரு ஆளின் காலளவு இடம். இந்த வீட்டில் அவனுடைய அளவு மாறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

“தள்ளிக்கோ,” என்றாள்.

கடகடவென்று நாலைந்து தாவல். இருக்கை முன்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை.

சக்கரம் ஏறியது, ஜாக்கி இறங்கியது. சாவியைத் திருகியதும் என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஃபோர்மேன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருமல் இல்லை, திணறல் இல்லை.

“ஒரு சுத்துப் போயிட்டு வா.”

தெருவைச் சுற்றிக்கொண்டு, கடைப் பக்கமாக ஏறி, பள்ளிக்கூட மேட்டில் இறங்கி வந்தாள். மேடு ஏறும் சத்தத்தை ஃபோர்மேன் கேட்டில் நின்றே கேட்டார். திரும்பி வந்து கொட்டகையில் விட்டவள், என்ஜினை அணைக்கவில்லை.

“மாமா, ரூம்ல பெட்டியெல்லாம் கட்டித்தான் இருக்கு. எடுத்து வெச்சுடலாமா?”

“காலையில வெச்சா போச்சு. இப்போ என்ன அவசரம்?”

“இப்போ கிளம்பினா இருட்டறதுக்குள்ள மலையைத் தாண்டிடலாம்.”

ஃபோர்மேன் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் கறை துணியில் போகிற கறை இல்லை. துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

தையல்காரம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கோபமா?”

“இல்ல அத்தை. கோபமா இருந்தா காலை வரைக்கும் இருந்திருப்பேன்.”

“புரியல.”

“ராத்திரி சாப்பிடறப்போ நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்க. ஒரே ஒரு வார்த்தை. நான் இருந்துடுவேன். அப்புறம் நான் இங்க உங்க பிள்ளையோட சட்டை மாதிரி மடிச்சுவெச்ச இடத்துலயே இருப்பேன். அதான்.”

தையல்காரம்மாவிடம் அந்த வார்த்தை இருந்தது. இருந்தது என்ன, நாக்கு நுனியில்தான் இருந்தது. முழுங்கினாள்.

ஃபோர்மேன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பின்னால் அடுக்கினார். அவருக்கு உதவப் போகாமல் அவள் அங்கேயே நின்றாள்.

“அங்க யாராவது கேட்டா, என்னை யாருன்னு சொல்லுவே?”

“அத்தைன்னுதான். வேற என்ன?”

“எந்த வழியில அத்தைன்னு கேப்பாங்களே. நடுவுல ஒருத்தன் இருந்தாத்தானே இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் மருமகள்.”

மருமகள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“ஒருத்தர் கேட்டுட்டார் அத்தை. வேலைக்குப் பேசப் போனப்போ. உங்க எல்லாரையும் பத்தி ஒண்ணு விடாம கேட்டார்.”

ஒரு ஆண் இவ்வளவு விசாரிப்பது எதற்கென்று தையல்காரம்மாவுக்குத் தெரியாதா?

“யாரு?”

பின்னால் டிக்கியை மூடுகிற சத்தம். “எல்லாம் வெச்சாச்சும்மா,” என்று கையைத் தட்டிக்கொண்டே ஃபோர்மேன் முன்பக்கம் வந்தார். மருமகள் அத்தையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்போது வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம் இருக்க வேண்டும்.

“வண்டியைப் பார்த்து ஓட்டு. சூடு காட்டுதான்னு முள்ளைப் பாரு. வளைவுல ஹாரன் அடி.”

“சரி மாமா.”

“மேடு ஏறுறப்போ முன்னாலேயே கியரைக் குறைச்சுக்கோ. நடுவுல குறைக்காதே.”

“சரி மாமா. வரேன்.”

போகிறேன் என்று யார்தான் சொல்கிறார்கள்? எல்லோரும் வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நெட்டையனும் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது வரேம்மா என்றுதான் சொன்னான்.

“கேட்டைத் திற,” என்றார் ஃபோர்மேன், பின்னால் நின்று வழி காட்டுவதற்காக நகர்ந்துகொண்டே.

தையல்காரம்மா போய்க் கேட்டைத் திறந்தாள். ஒரு கதவைத் திறந்து கல் வைத்தாள். இன்னொரு கதவைத் தன் உடம்பாலேயே மதிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வண்டி பின்னோக்கி வந்து, அவளை உரசாமல், தெருவில் இறங்கித் திரும்பியது. மருமகள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டாள். என்னவோ சொன்னாள். என்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை.

தெரு முனையில் வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. பிறகு சத்தம் மட்டும். மேட்டில் அது ஏறுவது கேட்டது. எங்கேயும் தடங்காமல், ஒரே இழுப்பாக. ஃபோர்மேன் தலையைச் சாய்த்து அது கரையும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வந்தது பெருமையா வேறென்னவா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“கடைசியா என்னமோ சொன்னாளே உன்கிட்ட. என்ன அது?”

தையல்காரம்மா கேட்டைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. தூக்கி மறுபடி போட்டாள்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்றாளாம்.”

“அப்படியா சொன்னா?”

“ம்.”

இன்னும் வெயில்கூட இறங்கவில்லை. ஃபோர்மேன் உள்ளே போனார். கையைக் கழுவுவார் என்று அவள் சோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போன் பக்கத்தில் போட்டு, கறுத்த கைகள் இரண்டையும் எதிலும் படாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.